1/32 அளவு விமானக் கிற்: மட்டக்களப்பு, அம்பாறைக் காலநிலைக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

இது 1/32 அளவில் ஒற்றை எஞ்சின் புரொப்பெலர் விமானம் ஒன்றைப் பிளாஸ்ரிக் கிற்றிலிருந்து கட்டுவோருக்கான வழிகாட்டி. 1/72 அல்லது 1/48 அளவில் இரண்டு மூன்றாவது கட்டிப் பழகிய கை என்று எடுத்துக்கொள்கிறோம். 1/24 அளவுக்கும் இதே வரிசைதான். காயும் நேரமும் பெயின்றின் அளவும் மட்டும் கூடும்.

பெரிய கிற்றில் புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயின்றில் அல்ல, அதற்கு வெகு முன்னரே. கொக்பிட் (விமானி அமரும் அறை) தரை அரை மில்லிமீற்றர் அகலமாக நின்றால் உடலின் இரு பாதியும் மூடாது. அழுத்தி மூடினால் முதுகு பிதுங்கும், இறக்கை அடியில் இடைவெளி விழும். கடைசியில் புட்டியால் நிரப்புவது முதல் வாரத்துப் பிழையைத்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கிற்றோடு வரும் விளக்கத் தாள் எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும். எதை எப்போது ஒட்டக்கூடாது என்று சொல்லாது.

1. வாங்குமுன்

முதலில் இடத்தை அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிற்ஃபயர் மார்க் 9 இன் உண்மையான இறக்கை அகலம் 11.23 மீற்றர். 1/32 இல் அது 35 சென்ரிமீற்றர், நீளம் ஏறக்குறைய 30. 1/24 இல் இறக்கை 47 சென்ரிமீற்றர் வரும். பி-17 போன்ற நான்கு எஞ்சின் விமானம் 1/32 இலேயே ஒரு மீற்றரைத் தொட்டுவிடும். முடிந்தபின் வைக்கும் இடம் மட்டும் போதாது. பெயின்ற் காயும் நாட்களில் தூசுபடாமல் மூடிவைக்க இதே அளவில் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும் வேண்டும்.

முதல் பெரிய கிற்றுக்கு ஒற்றை இறக்கை, வால் சக்கரம் உள்ள போர்விமானம் நல்லது. 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் நினைவில், அதிலிருந்து பறந்த சுவோட்ஃபிஷைத்தான் முதலில் கட்டவேண்டும் என்று ஆசைப்படுவோர் உண்டு. நல்ல ஆசை. ஆனால் அது இரட்டை இறக்கை விமானம். இரு தட்டும் நேராக நிற்கவேண்டும், நடுவே கம்பிகள் இழுக்கவேண்டும். அதை மூன்றாவது கிற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிற் விமானத் தபாலில் வரும், லக்கர் பெயின்றும் தின்னரும் மெல்லிய பசையும் வராது. தீப்பற்றும் திரவங்களை விமானத் தபாலில் ஏற்றுவதில்லை. எனவே பெயின்றையும் பசையையும் கொழும்பிலிருந்து தரைவழியாக எடுத்துவைத்துவிட்டுக் கிற்றைத் திறப்பதே சரி. பாதியில் பசை தீர்ந்தால் வேலை வாரக்கணக்கில் நிற்கும்.

பெட்டி வந்த அன்றே மூன்றைப் பாருங்கள். துண்டுகள் கோத்த சட்டங்கள் தாளில் உள்ள படத்தோடு ஒத்துப்போகின்றனவா? கண்ணாடித் துண்டுகளில் கீறல், வெடிப்பு உண்டா? டெக்கல் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள்) ஈரம் பட்டு ஒட்டியிருக்கிறதா? டெக்கலை உடனே தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பைக்கற் ஒன்றோடு சிப் பையில் இட்டு மூடுங்கள். வாவிக்கரை வீடுகளில் டெக்கலின் பசை மழைக்காலத்தில் இளகித் தாளோடு ஒட்டிவிடும்.

2. மேசையில் இருக்கவேண்டியவை

- கூரான நிப்பர் 1, 11ஆம் இலக்கக் கத்தி பிளேட் 10
- வோட்டர் பேப்பர் 400, 600, 800, 1000, 1500, 2000 ஒவ்வொன்றிலும் ஒரு தாள். வாகனப் பெயின்ற் விற்கும் கடைகளில் கிடைக்கும்.
- மெல்லிய பசை 40 மில்லி 2 போத்தல், தடித்த பசை 1, சுப்பர் குளூ 1, பைண்டர் கம் என்று கேட்டால் தரும் வெள்ளைப் பசை சிறிது
- 6 மற்றும் 10 மில்லிமீற்றர் மாஸ்கிங் ரேப், உடுப்புக் கிளிப் 12, ரப்பர் பட்டிகள்
- 0.3 மில்லிமீற்றர் ஊசியுள்ள இரட்டை இயக்க எயார்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ற் தூவும் கருவி)
- தாங்கியும் அழுத்தமானியும் உள்ள கொம்பிரசர், ஈரம் பிடிக்கும் குடுவை 2
- பிரைமர் (அடிப்பூச்சு) 40 மில்லி 2, மேற்பரப்பு நிறம் ஒவ்வொன்றிலும் 10 மில்லி 2 போத்தல், லெவலிங் தின்னர் 400 மில்லி 1, கிளியர் (நிறமற்ற பளபளப்பு மேற்பூச்சு) 10 மில்லி 3
- பார்மசியில் வாங்கும் 1 மில்லி சிரிஞ்சுகள். தின்னர் அளவைக் கண்மட்டத்தில் ஊற்றினால் இரண்டாவது கலவை முதலாவதைப் போல வராது.
- கரிமஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி. துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்கா.
- ஈரப்பதமானி 1

ஈரம் பிடிக்கும் குடுவை இரண்டு ஏன்? கொம்பிரசரிலிருந்து வெளிவரும் காற்று சூடானது. அதில் உள்ள நீராவி முதல் குடுவையைத் தாண்டிப்போய், குழாயில் ஆறும்போதுதான் நீராகிறது. இங்குள்ள காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு குடுவை தாங்காது. இரண்டாவதை எயார்பிரஷின் கைப்பிடிக்குக் கீழே, குழாயின் முடிவில் பூட்டுங்கள். ஒவ்வொரு வேலை முடிவிலும் தாங்கியின் அடித் திருகைத் திறந்து நீரை வடியவிடுங்கள்.

சுப்பர் குளூவைக் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெலோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்கவேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே ஈரம் படியாது.

3. எந்த மாதம், எந்த மணி

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இராது. இங்கே அதுதான் வேலையின் பாதி.

கார்த்திகை முதல் தை வரை, வாடை மழைக்காலத்தில், லக்கர் கிளியர் அடிப்பதைத் தவிருங்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த ஈரப் பெயின்றின்மேல் நீர் படிந்து வெண்மூட்டம் போடும். கடும்பச்சையும் கறுப்பும் சாம்பல் பூத்ததாகத் தெரியும். அப்படி ஆகிவிட்டால் உரசி எடுக்கவேண்டாம். காய்ந்த வானிலை உள்ள நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய பூச்சாகத் தூவினால் படலம் மறுபடி இளகி மூட்டம் விலகும்.

வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் இதற்கு எதிர்மாறான தொல்லை தரும். அந்தச் சூடான வறண்ட காற்றில் அக்ரிலிக் துளிகள் பரப்பில் விழுமுன்னே காய்ந்துவிடும். தடவினால் மணல் போல நெருடும். எயார்பிரஷ் ஊசி நுனியில் பெயின்ற் கட்டிபட்டு விட்டுவிட்டுத் தெறிக்கும். இந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னரோ இரவிலோ அடியுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடாடர் சேர்ந்த தின்னரை எடுங்கள்.

அம்பாறைப் பக்கம் உட்பகுதியில் இன்னொன்றும் உண்டு: வெள்ளாமை வெட்டு. மாசி, பங்குனியிலும் சிறுபோக அறுவடையிலும் மெசின் ஓடும் நாட்களில் உமித்தூசி வலைக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் வரும். கிளியர் பூச்சுக்கு வெட்டு முடியும் வரை பொறுங்கள்.

பொதுவாக ஈரப்பதமானி 70 வீதத்துக்குக் கீழே காட்டினால் எதையும் அடிக்கலாம். 70 இலிருந்து 75 வரை அக்ரிலிக் மட்டும். அதற்கு மேலே போனால் கொக்பிட் துண்டுகளை உரசுங்கள், இருக்கை பட்டி கட்டுங்கள். மழைக்காலத்தில் கட்டுவது, மாசியிலிருந்து சித்திரை வரை பெயின்ற் அடிப்பது என்று திட்டமிட்டால் காலமே உங்களுக்கு உதவும்.

பாதுகாப்பு ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். மாலையில் நுளம்புத்திரி கொளுத்திய அறையில் லக்கர் அடிக்கவே கூடாது. விளக்கு, காஸ் அடுப்பு, சாமி விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு பரவித் தீயை எட்டும். சன்னலைத் திறந்து ஆவி வெளியே போக வழிசெய்யுங்கள். கூரை விசிறி தூசியைக் கிளப்பும் என்பதால் அதை நிறுத்திவையுங்கள்.

4. கழுவுதல்

அச்சிலிருந்து துண்டு கழர்வதற்காகப் பூசும் எண்ணெய்ப் படலம் பிளாஸ்ரிக்கில் மிஞ்சியிருக்கும். கழுவாவிட்டால் பெயின்ற் மாஸ்கிங் ரேப்போடு உரிந்து வரும்.

ஒரு பேசினில் இளஞ்சூட்டு நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, மென்மையான பல்துலக்கி போதும். துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டாமலே கழுவுங்கள். அடியில் வடி ஒன்றை வைத்தால் கழன்று விழும் சிறியவை தப்பும். கரையோரக் கிணற்று நீரில் உப்பும் கல்சியமும் கூடுதல், காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்கு வடிகட்டிய குடிநீர் எடுங்கள். நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளோ தகரக் கூரையின் அடியிலோ வைத்தால் மெல்லிய துண்டுகள் வளைந்துபோகும்.

5. ஒட்டாமல் பொருத்திப் பார்த்தல்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். உடல் இரு பாதி, இறக்கை மேல் கீழ்த் தட்டுகள், கொக்பிட் தரையும் பக்கச் சுவரும், எஞ்சின் தாங்கும் தடுப்பு ஆகியவற்றை மட்டும் முதலில் வெட்டி எடுங்கள். வெட்டிய தழும்புகளை உரசிச் சமன்செய்து, மாஸ்கிங் ரேப் கொண்டு ஒட்டாமல் விமானமாக நிறுத்துங்கள்.

நான்கு இடங்களைப் பார்க்கவேண்டும்:

முதலாவது, உடலின் முதுகுக் கோடு. கொக்பிட் உள்ளே இல்லாமல் மூடிப் பாருங்கள், பிறகு உள்ளே வைத்து மூடுங்கள். வைத்தபின் மட்டும் இடைவெளி வந்தால் கொக்பிட்தான் அகலம். பக்கச் சுவரின் பின்புறத்தை உரசிக் குறையுங்கள். பெயின்றும் ஒரு பக்கத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் வரை சேர்க்கும். அதனால் பெயின்ற் அடிக்காத நிலையில் கொக்பிட் கொஞ்சம் தளர்வாகவே நிற்கவேண்டும்.

இரண்டாவது, இறக்கை அடி. இரு பக்கமும் இடைவெளி ஒரே அளவா? ஒரு பக்கம் மட்டும் இடைவெளி என்றால் இறக்கை சாய்ந்திருக்கிறது. இரு பக்கமும் என்றால் உடல் ஒடுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு, 9ஆம் படியில் பார்ப்போம்.

மூன்றாவது, இறக்கையின் அடிப்பாகம் உடலோடு சேரும் பின்பக்கக் கோடு. பெரிய கிற்றுகளில் இங்கு படி விழுவது வழக்கம்.

நான்காவது, மூக்கின் எஞ்சின் மூடிகள். எஞ்சின் இல்லாமல் அவை நான்கும் சேர்ந்து பொருந்துகின்றனவா என்று மட்டும் இப்போது பாருங்கள்.

கண்டதை விளக்கத் தாளிலேயே பென்சிலால் எழுதுங்கள். "15ஆம் துண்டு, வலது ஓரம் 0.3 குறை" என்ற அளவில் இருந்தால் போதும். கிழமை கழிந்து கையில் எடுக்கும்போது நினைவு கைகொடுக்காது.

6. வெட்டலும் உரசலும்

ஒரே வெட்டில் துண்டை எடுக்காதீர்கள். முதல் வெட்டு துண்டிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளி, இரண்டாவது அருகே, மீதியைக் கத்தியால் சீவுங்கள். ஒட்ட வெட்டினால் நிப்பர் பிளாஸ்ரிக்கை நசுக்கிப் பிளக்கும். அந்த இடம் வெளுத்துத் தெரியும், பள்ளமும் விழும். கண்ணாடித் துண்டுகளில் இது வெடிப்பாகவே ஓடும். அவற்றுக்கு நிப்பரை விட்டு மெல்லிய வாள் பிளேட் எடுங்கள்.

அச்சு ஊசி பதித்த வட்டத் தழும்புகளை எல்லாவற்றிலும் நிரப்பவேண்டியதில்லை. கொக்பிட் சுவரிலும் சக்கரக் குழிக் கதவுகளின் உட்புறத்திலும் உள்ளவை மட்டும் கண்ணில் படும்.

7. கொக்பிட்டும் எஞ்சினும்

1/32 இல் கொக்பிட்டின் திறப்பு கட்டைவிரல் அளவு. முழுவதும் தெரியும். ஆனால் தரைக்கு அடியில் உள்ளவை தெரியா, அவற்றில் மணிக்கணக்காகச் செலவிடவேண்டாம்.

வரிசை: கறுப்புப் பிரைமர், அதன்மேல் உள்நிறத்தை மேலிருந்து கீழாக மட்டும் தூவுதல், விளிம்புகளில் வெளுத்த நிறம் உலர்தூரிகையால், பிறகு கிளியர், கடைசியில் பளபளப்பை அடக்கும் மங்கல் பூச்சு. மேலிருந்து மட்டும் தூவினால் கீழ்ப்பக்கக் கறுப்பு நிழலாக நிற்கும்.

கருவிப் பலகையில் ஒவ்வொரு மானிக்கும் டெக்கலைத் தனித்தனியே வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். முழுத் தாளாக ஒட்டினால் மேடுபள்ளத்தில் படியாது. காய்ந்ததும் ஒவ்வொரு மானிமீதும் பற்குச்சியால் ஒரு துளி கிளியர். அது கண்ணாடியாகவே மின்னும்.

உலோகத் தகட்டில் வரும் இருக்கைப் பட்டிகளை மெழுகுவர்த்திச் சுடரில் ஓரிரு வினாடி காட்டி ஆறவிட்டால் மென்மையாகும். காட்டாமல் வளைத்தால் இருக்கையில் படியாமல் கம்பியாகவே நிற்கும். இதைச் செய்யும் நேரத்தில் தின்னர் போத்தல்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை இப்போதே முடிவெடுங்கள்: மூடிகள் திறந்தா, பூட்டியா? பூட்டுவதானால் எஞ்சினின் வெளிக் குழாய்களையும் கம்பிகளையும் விட்டுவிடுங்கள். மூடி பூட்டாமல் போவதற்கு முதல் காரணம் உள்ளே நிற்கும் அரை மில்லிமீற்றர் குழாய்தான். திறந்துவைப்பதானால் ஒரு பக்கம் மட்டும் திறக்கலாம், மறுபக்கத்தின் கோடு கெடாமல் இருக்கும். எங்கள் விருப்பம் அதுதான். புகைக் குழாய்களை இப்போது ஒட்டவேண்டாம். அவை பெயின்ற் அடித்தபின் வெளியிலிருந்து செருகக்கூடியவையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உட்புறம் ஒரு சிறு தட்டை ஒட்டி, வெளியிலிருந்து நிற்கும்படி செய்யுங்கள்.

மூக்குச் சக்கரம் உள்ள விமானமென்றால் மூக்கில் பாரம் வைப்பதும் இப்போதே. மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கும் ஈயக் குண்டுகள் இதற்கு அருமை. பிரதான சக்கரங்கள் வரும் இடத்தில் விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள், மூக்குத் தெளிவாகக் கீழே சாயவேண்டும். மேலே இன்னும் பெயின்றும் வால் துண்டுகளும் வரவிருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே வையுங்கள்.

8. உடலை மூடுதல்

மெல்லிய பசை இடைவெளிக்குள் தானாக ஓடும். அதனால் முதலில் இரு பாதியையும் ரேப்பால் இறுக்கி, பிறகு தூரிகை நுனியால் கோட்டைத் தொடுங்கள். முழு முதுகையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஒட்டி, கோட்டைத் தொடாமல் இரு பக்கத்திலிருந்தும் விரலால் மெதுவாக அழுத்தினால் கோட்டில் உருகிய பிளாஸ்ரிக் சிறு நரம்பாக மேலெழும். அந்த நரம்புதான் சரியாக ஒட்டியதற்கான அடையாளம். ஐந்து நிமிடம் பொறுத்து அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பசை பட்ட இடத்திலும் ரேப்பின் ஓரத்திலும் விரல் படக்கூடாது. பசை ரேப்பின் அடியில் ஓடிப்போய் விரல் ரேகையைப் பரப்பில் பதித்துவிடும்.

கச்சான் நாட்களில் மெல்லிய பசை ஓடுமுன் ஆவியாகும். முதுகுக்கு மெல்லியது, மூக்கு, வால் அடி போன்ற அழுத்தம் தாங்கும் இடங்களுக்கு உள்ளே தடித்தது என்று பிரியுங்கள்.

இப்போது இரண்டு முழு நாள் தொடவேண்டாம். 1/32 இல் பிளாஸ்ரிக் தடிப்பானது, பசை உள்ளே மென்மையாகவே கிடக்கும். மறுநாளே உரசிச் சமன்செய்தால் கிழமைகள் கழித்துக் கோடு மீண்டும் பள்ளமாகத் தெரியும், அதுவும் பெயின்ற் அடித்தபின்.

9. இறக்கை

உடல் ஒடுங்கியதால் இரு பக்கமும் இடைவெளி என்று 5ஆம் படியில் எழுதியிருந்தால், புட்டியைத் தொடவேண்டாம். துண்டுகள் வந்த சட்டத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி, இறக்கை வரும் திறப்பின் உள்ளே உடலின் இரு சுவருக்கும் குறுக்கே நிறுத்துங்கள். தேவையைவிட அரை மில்லிமீற்றர் கூடுதலாக வெட்டித் தொடங்கி, உரசி உரசி இறக்கை அடி மூடும் நீளத்துக்கு வாருங்கள். இப்படிக் கொடுக்கும் முட்டு இடைவெளியை இல்லாமலே செய்கிறது. புட்டி வைத்து உரசினால் அந்த இடத்து ரிவெற் (தகடு பொருத்தும் ஆணித் தடம்) வரிசை முழுவதும் போகும்.

ஒரு பக்கம் மட்டும் இடைவெளி என்றால் மறுபக்கத்தின் சேரும் முகத்தை உரசுங்கள். அதன்பின் ஒட்டுமுன் இறக்கை நுனிகளின் உயரத்தைப் பாருங்கள். மட்டமான கண்ணாடித் தட்டில் விமானத்தை வைத்து, வால் செங்குத்தாக நிற்கும்படி முட்டுக்கொடுத்து, இரு நுனியிலும் அடிமட்டத்தால் தட்டிலிருந்து அளவெடுங்கள். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரேப்பை ஒரு நுனியிலிருந்து உடலுக்கு மேலாக மறு நுனிக்கு இழுத்து ஒட்டினால் காயும் வரை கோணம் அசையாது. வால் இறக்கைகளைப் பிரதான இறக்கை காய்ந்தபின் அதற்குச் சமாந்தரமாகப் பார்த்து ஒட்டுங்கள். முன்னரே ஒட்டினால் எதற்கு எது நேர் என்று தெரியாமல் போகும்.

10. கோடு மறைத்தல்

கோட்டின் இரு பக்கமும் ரேப் ஒட்டி, நடுவே இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் திறந்துவிட்டு உரசுங்கள். அப்போதுதான் பக்கத்து ரிவெற்றுகள் தப்பும். 600 இல் தொடங்கி 1000 இல் முடிக்கலாம், எப்போதும் நீர் தொட்டு. சிறு பள்ளங்களுக்குச் சுப்பர் குளூவே போதும். ஆனால் ஒட்டி அரை மணிக்குள் உரசுங்கள், அடுத்த நாள் அது பிளாஸ்ரிக்கைவிடக் கடினமாகிவிடும். சுப்பர் குளூவைக் கொக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூண்டின் அருகே கொண்டுபோகக்கூடாது. அதன் ஆவி, ஈரக் காற்றில் இன்னும் வேகமாக, கண்ணாடியில் வெண்படலம் போடும். கூண்டுக்கு வெள்ளைப் பசைதான்.

உரசியபின் கோட்டின்மேல் வெள்ளி நிறத்தை மெல்லியதாகத் தூவுங்கள். சாம்பல் பிரைமரில் ஒளியும் கீறல் வெள்ளியில் ஒளியாது.

11. பெயின்ற்

கூண்டின் கண்ணாடிகளை மறைத்து, முதலில் கொக்பிட் உள்நிறத்தை அதன் சட்டத்தின்மேல் அடியுங்கள். வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்க்கும்போது சட்டத்தின் உட்புறமாகத் தெரிவது அந்த நிறம்தான். அதன்மேல் பிரைமர், பிறகு வெளிநிறம்.

தமியா நிறுவனத்தின் அக்ரிலிக்கை லெவலிங் தின்னரோடு ஒன்றுக்கு ஒன்றரை என்று கலந்து, 15 இலிருந்து 18 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஏழெட்டு சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து அடியுங்கள். ஒவ்வொரு பூச்சும் பரப்பை மங்கலாக ஈரமாக்கும் அளவில் இருக்கட்டும். நடுவே பத்து நிமிடம். ஒரே பூச்சில் மூட நினைத்தால் ரிவெற் குழிகள் அடைபடும்.

நிறங்களின் வரிசை வெளிறியதிலிருந்து கடுமையானதுக்கு. பிரிட்டிஷ் போர்விமானமென்றால்: இறக்கை முன்விளிம்பின் மஞ்சள் முதலில், அதற்கடியில் வெள்ளை. வால் பட்டை எக்ஸ்எஃப்-21 (எக்ஸ்எஃப் என்பவை தமியா நிற எண்கள்). அடிப்பாகம் எக்ஸ்எஃப்-83. மேலே சாம்பல் எக்ஸ்எஃப்-82. கடைசியில் பச்சை எக்ஸ்எஃப்-81. கடும்பச்சைக்கு மேல் மஞ்சள் அடிக்கப்போனால் ஐந்தாறு பூச்சு தேவைப்பட்டு விளிம்பில் படி விழும்.

மாஸ்கிங் ரேப்பை இரண்டு நாளுக்கு மேல் விடவேண்டாம். நம் சூட்டில் அதன் பசை பரப்பில் தங்கிவிடும். மின்சாரம் நின்றுபோனால் கிண்ணத்தில் பெயின்றோடு காத்திராமல் உடனே எயார்பிரஷைக் கழற்றிக் கழுவுங்கள்.

12. டெக்கல்

கிளியரை மூன்று மெல்லிய பூச்சாக அடித்து இரண்டு நாள் விடுங்கள். மங்கல் பெயின்ற் நுண்ணிய மேடுபள்ளமானது. அதில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி டெக்கல் வெள்ளியாகத் தெரியும்.

ஸ்பிற்ஃபயரின் மேல் இறக்கை வட்டம் உண்மையில் 56 அங்குலம். 1/32 இல் 4.4 சென்ரிமீற்றர். இவ்வளவு பெரிய டெக்கலை விரலால் நகர்த்தினால் மடிந்துவிடும். தாளோடு இறக்கைக்குக் கொண்டுபோய், பரப்பில் நிறைய நீர் விட்டு, தூரிகையால் வழுக்கி இறக்குங்கள். இதற்கும் வடிகட்டிய நீர்தான், கிணற்று நீரின் உப்பு டெக்கல் அடியில் வெள்ளைக் கோடாகக் காயும். இடம் சரியானதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி எடுத்து, மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையால் ஒரு முறை பூசுங்கள். டெக்கல் சுருங்கிக் கசங்கும். பயந்து தொடாதீர்கள். காய்ந்ததும் தானாகப் படியும். காற்றுக் குமிழ் மிஞ்சினால் புது பிளேட் நுனியால் குத்தி மறுபடி திரவம் விடுங்கள்.

13. அழுக்கும் மங்கலும்

டெக்கல்மேல் இன்னொரு கிளியர். அதன்மேல்தான் எண்ணெய்ப் பெயின்ற் கரைசலைப் பலகைக் கோடுகளில் விடவேண்டும். சக்கரக் கால்கள், இறுக்கமாகச் செருகிய துண்டுகள் போன்ற இழுவிசை உள்ள பிளாஸ்ரிக்கில் எனாமல் தின்னர் ஊறினால் துண்டு வெடிக்கும். அங்கே குறைவாகவே விடுங்கள். அடிப்பாகத்தில் காற்றோடும் திசையில், முன்னிருந்து பின்னாக, துடையுங்கள். எல்லாம் காய்ந்தபின் மங்கல் பூச்சு, ஈரப்பதமானியைப் பார்த்து.

14. கடைசிப் பொருத்தல்

கால்கள், காய்ந்தபின் சக்கரங்கள், பிறகு கதவுகள், புகைக் குழாய்கள், பீரங்கிக் குழல்கள், கூண்டு, புரொப்பெலர். கால்களுக்குத் தடித்த பசை பூசி, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் கோணம் பார்த்து, ரேப்பால் முட்டுக்கொடுத்து ஓர் இரவு விடுங்கள். இந்த அளவில் விமானத்தின் பாரம் கொஞ்சமல்ல. அரைகுறையாகக் காய்ந்த கால் சில நாளில் விரிந்துபோகும்.

பிஎஃப் 109 என்ற ஜேர்மன் போர்விமானம் போல அன்ரனா கம்பி உள்ளவற்றுக்கு மிக மெல்லிய தங்கூசி போதும். 0.1 மில்லிமீற்றருக்கு மேல் போனால் கயிறாகத் தெரியும். வாலில் சுப்பர் குளூவால் ஒட்டி, காய்ந்தபின் இழுத்து மறுமுனையை ஒட்டுங்கள். தொய்வு இருந்தால் ஊதுபத்தியின் கங்கை சென்ரிமீற்றர் தூரத்தில் காட்டினால் சுருங்கி இறுகும், தொட்டால் அறுந்துவிடும். இழுவிசை அன்ரனாத் தண்டை வளைக்கும் என்பதால் தண்டைப் பின்னூசியால் ஊன்றிவிட்டுக் கம்பியை இழுங்கள்.

இடம் மாற்றவேண்டி வந்தால், கால்களில் பாரம் விழாமல் இறக்கை அடியின் கீழே இரு பக்கமும் ஸ்பொஞ்ச் கட்டைகள் வைத்து, உடலை அதன்மேல் தாங்கவையுங்கள். புரொப்பெலரை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருந்தால் கழற்றித் தனியே பொதி செய்யலாம்.